என் நம்பருக்கு நானே போன் பண்ணினேன்!

"ஹலோ, யாருங்க பேசறது?"

இந்தக் கேள்வியைக் கேட்டது என் நம்பர். அதாவது, காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து நான் வெச்சிருந்த நம்பர். பேங்க்ல, ஆதார்ல, பாஸ்போர்ட் ஃபாரத்துல, அப்பத்தாவோட பட்டன் போன்ல எல்லாத்துலயும் 'நான்'னு பதிவான அந்தப் பத்து இலக்கம். அம்மா போன்ல இருந்து அதுக்கு டயல் பண்ணினேன். ரெண்டே ரிங்ல ஒருத்தர் எடுத்துட்டார். பின்னாடி லாரி ஹாரன் சத்தம், யாரோ "இறக்கு இறக்கு"ன்னு கத்தற சத்தம்.

நான் என்ன பேசறதுன்னு தெரியாம, "அண்ணா... இது என் நம்பருங்ணா" என்றேன்.

ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் அவர் சொன்னார்: "ஓ, ஜெர்மனித் தம்பியா? வந்துட்டியா?"

தூக்கிவாரிப் போட்டுச்சு மக்களே! அவருக்கு எப்படி என்னைத் தெரியும்ங்கறதை அப்புறம் சொல்றேன். இந்த வருஷம் ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.ஈ.ன்னு சுத்திக்கிட்டு இருக்கிற கோஷ்டி எல்லாம் கொஞ்சம் பக்கத்துல வந்து உட்காருங்க. விசா, ஃபீஸ், பொடி வகையறா, ப்ரஷர் குக்கர் எல்லாத்துக்கும் லிஸ்ட் போட்டிருப்பீங்க. சிம் கார்டுக்குப் போட்டீங்களா? நான் போடலை.

தண்டச் செலவு!

2022 அக்டோபர்ல மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பினேன். அங்கே போனதும் ஜெர்மன் சிம்மைப் போட்டுட்டு, நம்ம ஊர் சிம்மைக் கழற்றி பாஸ்போர்ட் உறைக்குள்ள வெச்சேன். வீட்ல இருந்து அம்மா மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணிட்டு இருந்தாங்க. 2024 ஜூலைல பெரிய தனியார் கம்பெனிகள் எல்லாம் ரேட்டை ஏத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ பொறுப்பான புள்ளையா நானே சொன்னேன்: "விடும்மா, வாட்ஸ்அப்லதானே பேசறோம். யூஸ் பண்ணாத சிம்முக்கு எதுக்குத் தண்டமா காசு?"

மாசம் இருநூறு ரூபாயை மிச்சம் பண்ணின அந்த மகராசன்தான் இப்போ உங்களுக்கு அட்வைஸ் பண்ண வந்திருக்கான்.

இதுல பெரிய ஏமாத்து வேலை வாட்ஸ்அப்தான். ரீசார்ஜை நிறுத்தின பிறகும் அது அதே நம்பர்ல ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்தது. அதனால நம்பரும் உயிரோட இருக்குன்னே நெனச்சேன். நம்பரை ஒருமுறை சரிபார்த்து உள்ளே விட்டுட்டா, பின்னாடி சிம் செத்ததா பிழைச்சதான்னு அப்போல்லாம் வாட்ஸ்அப் பார்க்காது. (சிம் போனுக்குள்ள இல்லைன்னா இந்த மாதிரி ஆப்கள் ஓடக் கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டதே 2025 நவம்பர்லதான்.) 2025 ஜூன்ல ஒரு ராத்திரி வாட்ஸ்அப் என்னைத் தானா வெளிய தள்ளிடுச்சு. 'இந்த நம்பர் வேற போன்ல பதிவாகியிருக்கு'ன்னு ஒரு வரி. ஏதோ கோளாறுன்னு நெனச்சு, ஜெர்மன் நம்பர்ல புதுசா அக்கவுன்ட் போட்டுத் தூங்கிட்டேன். அன்னைக்கே முழிச்சிருக்கணும்!

அன்னைக்கு என்ன நடந்ததுன்னா, நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல நான் திடீர்னு "யாருங்க நீங்கல்லாம்?"னு கேட்டுட்டு வெளியே போயிட்டேனாம். நான் இல்லைப்பா, அந்த அண்ணன்! பசங்க நான் ஜெர்மனி போய் ஓவரா சீன் போடறேன்னு நெனச்சு ஆறு மாசம் என்கூடப் பேசலை.

மூணு மணி ராத்திரி

2025 டிசம்பர்ல சென்னை ஏர்போர்ட்ல வந்து இறங்கினேன். ராத்திரி மூணு மணி. வீட்டுக்குச் சொல்லலாம்னு இலவச வைஃபையைப் போட்டா, 'மொபைல் நம்பர் கொடு, ஓ.டி.பி. அனுப்பறேன்'ங்குது. டாக்ஸி ஆப்? ஓ.டி.பி. வெளியே டீக்கடையில 500 யூரோ நோட்டையா நீட்ட முடியும்? எல்லாரும் க்யூஆர் கோடைக் காட்டி 'டிங்'னு பணம் கட்டிட்டுப் போறாங்க. சொந்த ஊர் மண்ணுல, பெட்டி படுக்கையோட, ஒரு டீக்கு வழியில்லாம நின்னேன். பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் வாங்கிக் கொடுத்தார். "எந்த நாடு தம்பி?"ன்னு வேற கேட்டார்.

அது காமெடி. அடுத்து வந்தது சீரியஸ். கோவையில ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருந்தது. பத்து நாளைக்குள்ள பேப்பர்ஸ்ல ஆதார் மூலமா இ-சைன் போடணும். அதுக்கு ஓ.டி.பி. ஆதார்ல இருக்கிற நம்பருக்குத்தான் போகும். கல்விக் கடனுக்கு ஈ.எம்.ஐ. ஆரம்பிக்குது, பணம் எடுக்கிற அக்கவுன்ட்ல பேலன்ஸ் இல்லை, ஆப்பைத் திறக்கணும்னா ஓ.டி.பி. அதுவும் அதே நம்பருக்கு. அந்த நம்பர் எங்கே? எங்கேயோ லாரி சத்தத்துக்கு நடுவுல!

ஈரோட்ல மொபைல் கம்பெனி ஷோரூமுக்குப் போய், பாஸ்போர்ட் உறையில பத்திரமா இருந்த சிம்மை எடுத்து டேபிள்ல வெச்சேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "சார், இது வேற கஸ்டமர் பேர்ல ஆக்டிவா இருக்கு"ன்னாங்க. "என்கிட்டதானே சிம் இருக்கு?" என்றேன். அவங்க பாவமா பார்த்தாங்க. "சார், அது வெறும் பிளாஸ்டிக்."

கணக்கு இதுதான்

அன்னைக்கு சாயந்திரம் உட்கார்ந்து விதிகளைப் படிச்சேன். முன்னாடியே படிச்சிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை. நம்பர் நம்ம சொத்து கிடையாது. அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்குது, கம்பெனி நமக்குக் கொடுக்குது, நாம பயன்படுத்தற வரைக்கும் நம்மகிட்ட இருக்கும்.

ட்ராய் 2013-ல போட்ட விதிப்படி, ப்ரீபெய்டு நம்பரைத் தொடர்ந்து 90 நாள் எதுக்குமே பயன்படுத்தலைன்னாதான் கம்பெனி கை வைக்க முடியும். ஒரு கால், ஒரு மெசேஜ் அனுப்பறது, கொஞ்சம் நெட், இதுல எது நடந்தாலும் பயன்பாடுதான். 90 நாள் தாண்டியும் மெயின் பேலன்ஸ்ல 20 ரூபா இருந்தா, அதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் நம்பரை வெச்சிருக்கணும். பேலன்ஸ் இருக்கிற வரை இப்படியே நீளும். (2025 ஜனவரியில 'ட்ராயின் அதிரடி புது விதி'ன்னு ஊரெல்லாம் ஃபார்வர்டு ஆச்சே, அது இந்தப் பழைய விதிதான்!) பேலன்ஸும் இல்லாம நம்பர் கட் ஆயிட்டா, அப்பவும் 15 நாள் சலுகை உண்டு. அதுக்குள்ள போய்க் கேட்டா திருப்பித் தரணும்.

இங்கே ஒரு குழப்பம் பல பேருக்கு வருது. பிளான் வேலிடிட்டி முடியறதும் நம்பர் போறதும் ஒண்ணு இல்லை. வேலிடிட்டி முடிஞ்சா கால் போகாது, கொஞ்ச நாள்ல வர்றதும் நின்னுடும். ஆனா நம்பர் அப்போ உங்க பேர்லதான் இருக்கும். தூங்குது, சாகலை. அந்த நேரத்துல ஒரு ரீசார்ஜ் போட்டா எழுந்து உட்கார்ந்துடும்.

அந்த 15 நாளும் தாண்டிட்டா? கட் ஆன நம்பரைக் குறைஞ்சது 90 நாளைக்கு வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம். 2023 நவம்பர்ல கோர்ட்ல ட்ராய் சொன்ன கணக்கும் இதேதான். இந்த இடைவெளியில நம்பர் யார்கிட்டயும் இல்லை. ஷோரூம்ல போய்க் கெஞ்சிக் கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தா அதிர்ஷ்டம், உரிமைன்னு கேட்க முடியாது. அதுவும் முடிஞ்சு புது ஆளுக்குப் போயிட்டா, கதை முடிஞ்சது. நான் வந்து நின்னது அங்கேதான்.

நெல்லைக்காரன் கதை

என் ரூம்மேட் திருநெல்வேலிக்காரன். என்கூடத்தான் வந்தான், என்கூடத்தான் திரும்பினான். அவன் நம்பர் மட்டும் உயிரோட இருந்தது. காரணம் ரொம்ப சிம்பிள். ரெண்டு சிம் போடற போன்ல நம்ம ஊர் சிம்மை ரெண்டாவது ஸ்லாட்ல விட்டுட்டான். ரோமிங்ல டேட்டாவை ஆஃப் பண்ணி வெச்சு, மாசத்துக்கு ஒரு தடவை அவங்க அப்பாவுக்கு 'சாப்டாச்சா'ன்னு ஒரு எஸ்.எம்.எஸ். "ஏல, வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்குல காசு கொடுத்து மெசேஜ் அனுப்புத?"ன்னு அவனை எவ்வளவு ஓட்டியிருப்பேன்!

ஆனா அவனுக்கும் சோதனை வந்தது. கிளம்பறதுக்கு முந்தின வாரம் போன் தண்ணில விழுந்து சிம்மோட காலி. ஊருக்கு வந்து டூப்ளிகேட் சிம் கேட்டா, "இது உங்க பேர்ல இல்லையே"ன்னுட்டாங்க. ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கின சிம். 18 வயசு ஆகாதவங்களுக்கு சிம் கிடையாது, அதனால அப்பா பேர்ல வாங்கினது. நம்மில் எத்தனை பேர் கதை இது! உங்க நம்பர் யார் பேர்ல இருக்குன்னு இப்போ, இந்த நிமிஷம், உங்களுக்குத் தெரியுமா?

பேர்ல இருக்கிறவர் நேர்ல வரணும். 2024 ஜனவரி முதல் தேதியில இருந்து பேப்பர் ஃபாரம், போட்டோ ஒட்டறது எல்லாம் கிடையாது. அங்கேயே படம் எடுப்பாங்க, ஆதாரைச் சரிபார்ப்பாங்க. அவன் அப்பா நல்லா இருக்கார், வந்தார், கைரேகை வெச்சார், அரை மணியில வேலை முடிஞ்சது. போனதோட அப்பா பேர்ல இருந்து அவன் பேருக்கு மாத்தவும் எழுதிக் கொடுத்துட்டு வந்தான். அப்பா இல்லாத வீடுகள்ல இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றுன்னு அலையறவங்களைப் பார்த்தா கஷ்டமா இருக்கு. ஆள் இருக்கும்போதே மாத்திக்கறது பத்து நிமிஷ வேலை.

புது சிம்மைப் போட்டதும் சிக்னல் வந்தது. விசிலடிச்சோம். பேங்க் ஆப்பைத் திறந்தான். ஓ.டி.பி. வரலை. மறுபடி தட்டினான். வரலை. மூணாவது தடவை ஆப் லாக்! டூப்ளிகேட் சிம் வாங்கி 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். போகவும் போகாது, வரவும் வராது. இது 2022-ல தொலைத்தொடர்புத் துறை போட்ட பூட்டு. நம்ம பேர்ல எவனாவது திருட்டுத்தனமா சிம் வாங்கிப் பேங்க்ல கை வைக்காம இருக்க. யு.பி.ஐ.யும் நம்ம போன்ல இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போனாத்தான் சிம்மோட இணையும். அதனால அன்னைக்குப் பூரா அவன் கையில காசில்லை. ஒரு நாள் முழுக்கப் பொறுமையா இருந்துட்டு ஆப்பைத் திறங்க. அவசரப்பட்டுத் தட்டித் தட்டி லாக் ஆக்காதீங்க.

இது பரவாயில்லை. 2018-ல ஏர்செல் மூடினப்போ வெளிநாட்ல இருந்த நம்ம சீனியர்ஸை நெனச்சுப் பாருங்க. நம்பரை வேற கம்பெனிக்கு மாத்த அதே சிம்ல இருந்து 1900-க்கு மெசேஜ் போடணும். டவரே இல்லாத சிம்ல எங்கே போய்ப் போடறது?

முடிச்சை எங்கே பிடிச்சு அவிழ்க்கறது?

நம்பரை இழந்தவனுக்கு வர்ற பெரிய தலைவலி: பழைய நம்பரை மாத்தறதுக்கும் பழைய நம்பருக்கே ஓ.டி.பி. அனுப்பறாங்க! கோழியா முட்டையா கதை. பேங்க்ல கேட்டா ஆதாரை அப்டேட் பண்ணுங்கறாங்க. ஆதார் வெப்சைட்ல போனா ஓ.டி.பி.ங்குது. மூணு நாள் வீணா சுத்தினேன். நாலாவது நாள்தான் மண்டையில உறைச்சது. ஓ.டி.பி. கேட்காத இடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அது என் கட்டைவிரல்.

புது சிம் வாங்க கைரேகை போதும். அந்த நம்பரோட நேரா ஆதார் மையத்துக்குப் போனேன். போஸ்ட் ஆபீஸ்லயும் பண்றாங்க. மொபைல் நம்பர் மாத்த எந்த டாகுமென்ட்டும் வேண்டாம். முன்னாடி 50 ரூபாயா இருந்த கட்டணம் 2025 அக்டோபர்ல இருந்து 75. எனக்கு நாலு நாள்ல மாறிடுச்சு. இ-சைன் போட்டப்போ பத்துல ஒன்பது நாள் முடிஞ்சிருந்தது. கம்பெனிக்காரங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது.

அடுத்து பேங்க். பாஸ்புக், ஆதார், ஒரு ஃபாரத்தோட நேர்ல போகணும். ரெண்டு வருஷத்துக்கு மேல நாம எந்தப் பரிவர்த்தனையும் பண்ணாத அக்கவுன்ட் 'செயல்படாத கணக்கு' ஆயிடும். அதைத் திரும்ப உயிர்ப்பிக்கக் காசு வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, 2024 ஏப்ரல்ல இருந்து. யாராவது கேட்டா சிரிச்சுக்கிட்டே எடுத்துச் சொல்லுங்க. கடைசியா யு.பி.ஐ. சிம், ஆதார், பேங்க், யு.பி.ஐ. இந்த வரிசையில போனா ஒரு வாரம். வரிசையை மாத்தினா என்னை மாதிரி பைத்தியம் பிடிக்கும்.

கிளம்பப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. போஸ்ட்பெய்டுன்னா 'சேஃப் கஸ்டடி'ன்னு ஒண்ணு இருக்கு, கேளுங்க. சின்னத் தொகைக்கு நம்பரைப் பத்திரமா வெச்சிருப்பாங்க. அமெரிக்கா போய் ஐபோன் 14-க்கு மேல வாங்கினா அதுல சிம் போடற இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அதனால போறதுக்கு முன்னாடியே இங்கேயே இ-சிம்மா மாத்திக்கோங்க. அமெரிக்கா, சிங்கப்பூர், இங்கிலாந்து, வளைகுடா மாதிரி சில நாடுகள்ல இருந்தா என்.ஆர்.ஓ. அக்கவுன்ட்டை அந்த ஊர் நம்பரோடவே யு.பி.ஐ.ல இணைக்கலாம், 2023-ல இருந்து வழி இருக்கு. ஜெர்மனி அந்த முதல் பத்து நாட்டு லிஸ்ட்ல இல்லை, என் ராசி அப்படி. நம்பரை விடறதுன்னே முடிவு பண்ணிட்டா, வாட்ஸ்அப்ல லாகின் இருக்கும்போதே 'நம்பரை மாற்று' கொடுத்துடுங்க. அதுக்குப் பழைய சிம் தேவையே இல்லை.

தக்காளி அண்ணன்

சரி, அந்த அண்ணனுக்கு வருவோம். பாலக்கோடு பக்கம் தக்காளி லோடு அடிக்கிற மினி லாரி டிரைவர். 2025 மே மாசம் கடையில சிம் வாங்கியிருக்கார், என் நம்பர் வந்திருக்கு. அன்னையில இருந்து அவருக்குப் பேங்க் மெசேஜ், கல்விக் கடன் ஞாபகமூட்டல், காலேஜ் அலுமினி அழைப்பு, என் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் போயிருக்கு. "தம்பி, நீ கடனைக் கட்டலைன்னு எனக்கு மெசேஜ் போடறான்!"

முதல் நாள் அவசரத்துல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "அண்ணா, இப்போ ஒரு மெசேஜ் வரும், அதுல ஆறு நம்பர் இருக்கும், அதை மட்டும் சொல்லிடுங்க" என்றேன்.

"ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதேன்னு அதுலயே எழுதியிருக்கே தம்பி. நீ நெசமாவே அந்தத் தம்பிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் அக்கவுன்ட்டுங்ணா!"

"என் போனுக்கு வந்திருக்கே?"

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவர் மட்டும் வேற மாதிரி ஆளா இருந்திருந்தா, என் பணம் என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. கைமாறின நம்பர்களைக் கண்டுபிடிச்சு நீக்கணும்னு 2025 ஜனவரியில ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் சொல்லிடுச்சு. ஆனா டிசம்பர்லயும் என் பேங்க் அவருக்குத்தான் அனுப்பிக்கிட்டு இருந்தது.

நம்பரைத் திருப்பிக் கொடுத்துடுவீங்களான்னும் கேட்டுப் பார்த்தேன். "வண்டிக்குப் பின்னாடி பெயின்ட்ல எழுதிட்டேனே தம்பி. அதைப் பார்த்துத்தான் லோடு வருது"ன்னார். அப்புறம் எப்படிக் கேட்கறது?

'ஜெர்மனித் தம்பி' ரகசியம் கோபியில எங்க அப்பத்தா வீட்டுக்குப் போனப்போ உடைஞ்சது. அவங்க பட்டன் போன்ல ரெண்டாம் நம்பரை அழுத்திப் பிடிச்சா எனக்குப் போகும்; நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். ஒருநாள் பழக்கத்துல அழுத்தியிருக்காங்க, அண்ணன் எடுத்திருக்கார். "நான் உங்க பேரன் இல்லைங்க ஆயா"ன்னு சொல்லியிருக்கார். இவங்க விடுவாங்களா? பேரன் எங்க போயிருக்கான், என்ன படிக்கிறான் எல்லாம் சொல்லி, கடைசியில "தக்காளி அங்க கிலோ என்ன வெலைங்க?"ன்னு கேட்டிருக்காங்க. அன்னையில இருந்து வாரா வாரம் போன்.

போன வாரம் போனை வாங்கி ரெண்டுல என் புது நம்பரைப் போடப் போனேன். அப்பத்தா கையைத் தட்டி விட்டாங்க.

"அது இருக்கட்டும் கண்ணு. உன்னைய மூணுல போட்டுக்கோ."